கர்த்தரிடம் மட்டும் சொன்னது

லண்டனுக்கு நான் ஆத்துமாக்களைக் காப்பாற்ற வந்தேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் எண்பத்தெட்டாம் வருடம் நவம்பர் மாதம் விமானத்தை விட்டு இறங்கியபோது அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது. வயது இருபத்தாறு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு வாய் நீளம், என்மேல் எனக்கிருந்த நம்பிக்கை அதைவிட நீளம்.

என்னை அனுப்பியது எங்கள் ஊர்ச் சபை. பெரிய பணக்காரச் சபை ஒன்றும் இல்லை. வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டுவைப்பார்கள். வாரக் கடைசியில் அது சர்ச்சுக்கு வரும், விற்று மிஷன் வேலைக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்போம். அந்த அரிசிதான் என்னை லண்டனுக்குக் கொண்டுவந்தது. புறப்படுகிற ஞாயிற்றுக்கிழமை என்னை முழங்காலில் நிற்கவைத்து, பத்துப் பதினைந்து பேர் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கொண்டையே கலைந்துபோயிற்று. வெளியே வந்தால், பீடி சுற்றுகிற ஒரு அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசாமாசம் எழுதிப் போடு தாயி. அங்க என்னென்ன நடக்குன்னு நாங்க தெரிஞ்சுகிடணும்லா" என்றாள். எழுதுகிறேன் என்றேன். ஒரு மாதம்கூட அந்த வாக்குத் தவறவில்லை. தவறியிருக்கலாம்.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு இங்கிலீஷ் சர்ச்சின் மாடியறையை எனக்குத் தந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் செங்கல் சுவர், மூடினால் ஈர நாற்றம். காசு போட்டால் எரிகிற கேஸ் ஹீட்டர் ஒன்று. யாரோ தானமாகக் கொடுத்த ஆம்பளைக் கோட்டு ஒன்று, அது எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். நாலு மணிக்கே இருட்டுகிற ஊரை அதுவரை நான் கனவிலும் கண்டதில்லை. முதல் மாதம் முழுக்க, சாயங்காலம் ஆனால் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போனேன்.

ஊழியம் என்றால் என்ன? யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்திறங்கிய குடும்பங்களைப் போய்ப் பார்ப்பது. விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது, பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது. இடையில் பக்குவமாகச் சுவிசேஷம் சொல்வது. சனிக்கிழமைகளில் கீழே ஹாலில் தமிழ் ஐக்கியம் கூடும். கொஞ்சம் இந்தியாக்காரர்கள், கொஞ்சம் யாழ்ப்பாணத்தார், எல்லாம் சேர்த்தால் பதினைந்து பேர். அவர்களும் என்னிடம் கேட்பது அதே கேள்விதான்: "இந்த வாரம் எப்படி, தங்கச்சி? ஏதாவது நடந்ததா?"

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள், பாரத்தை நீட்டினார்கள். சுவிசேஷத்தை எடுத்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரீச்சர், இந்த கவுன்சில் கடிதத்தையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்றார்கள். ஊருக்கு என்னத்தை எழுதுவது? பிடியரிசி போடுகிற பெண்களிடம் கவுன்சில் கடிதத்தைப் பற்றியா எழுத முடியும்?

அந்த வீடுகளில் ஒன்றுதான் நான் அக்கா என்று கூப்பிட்ட பெண்ணின் வீடு. வீடு என்பது ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் மாடியில் இரண்டு அறை, ஒரு அடுக்களை. அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு முப்பத்தொன்பது இருக்கும். மெலிந்த உடம்பு, சட்டென்று வெட்டுகிற பேச்சு. அவள் புருஷன், நான் அண்ணை என்று கூப்பிடப் பழகிக்கொண்டவர், ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கே பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். ஆறு வயதில் சின்ன மகள் ஒருத்தி. மூத்த மகளை மட்டும் யாழ்ப்பாணத்தில் அக்காவின் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏ.எல். சோதனை, அதாவது நம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, முடியட்டும், பிறகு கூப்பிடலாம் என்று முடிவு செய்தது அக்காதான். அண்ணைக்கு அதில் விருப்பமில்லை. மூத்தவளின் போட்டோ அடுக்களையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. இரட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடை, சிரிக்காத முகம்.

செவ்வாயும் வியாழனும் காலை பத்தரைக்கு அக்காவுக்கு இங்கிலீஷ் பாடம். அண்ணை இருக்கிற நாளென்றால் என்னைச் சீண்டாமல் விடமாட்டார். "இந்தியாவிலை எல்லாரையும் கரையேத்திப்போட்டோ ரீச்சர் இஞ்சை வந்தனீங்கள்?" என்பார். "உங்களை ஏத்துறதுக்குத்தான் அங்க பாதியில விட்டுட்டு வந்தேன்" என்பேன். சிரிப்பார். அவர் சிரித்தால் அடுக்களைக் கதவு அதிரும். அந்த ஊரில் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்த ஒரே மனுஷன் அவர்தான்.

அக்கா அவ்வளவு சீக்கிரம் இறங்கிவரவில்லை. அப்போது எங்கள் நாட்டு ராணுவம் அவர்கள் ஊரில் இருந்த காலம். ஒரு நாள் அடுக்களையில் தேத்தண்ணியை என்முன் வைத்துவிட்டு, "உங்கடை ஆமி எங்கடை வளவுக்கை நிக்குதாம். நீங்கள் என்ரை குசினிக்கை நிக்கிறியள்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அவளே, "சும்மா சொன்னனான், குடியுங்கோ" என்றாள். அன்றைக்குப் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டாள். குளிரில் அதை நடந்துகொண்டே தின்றேன்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் போனபோது அக்கா புத்தகத்தை எடுத்துவைக்கவில்லை. அண்ணை வேலைக்குப் போயிருந்தார், சின்னவள் பள்ளிக்கூடத்தில். மேசைமேல் நாலாக மடித்த ஒரு கடிதம். கொழும்பிலிருந்து வந்த யாரோ கையில் கொடுத்தது. என்னிடம் தள்ளி, "வாசியுங்கோ" என்றாள்.

அவள் தங்கச்சி எழுதியிருந்தாள். மூத்தவள் இயக்கத்துக்கு, ஆயுதம் தூக்கப் போய்விட்டாள். டியூஷனுக்கு என்று போனவள் திரும்பி வரவில்லை. தெரிந்த ஒருவர் மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டு மூன்று மாதத்தில் எப்படியும் வெளியே எடுத்துவிடலாம், அதுவரை யாரிடமும் கதைக்க வேண்டாம், அத்தானுக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தது. படித்து முடிக்கும்வரை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருக்குத் தெரிஞ்சால் நாளைக்கே வெளிக்கிட்டிடுவார், ரீச்சர். எங்கடை அகதிக் கேஸ் முடியேல்லை. இஞ்சையிருந்து போனால் திரும்பி வர விடாங்கள். அங்கை உயிரோடை போய்ச் சேருவாரோ எண்டும் தெரியாது. எனக்குப் பிள்ளையும் வேணும், மனுசனும் வேணும்." அழவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். "நான்தான் சோதினை எழுதட்டும் எண்டு விட்டிட்டு வந்தனான். நான்தான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றாள்.

"கர்த்தர்கிட்ட மட்டும் சொல்வேன் அக்கா."

"ஓம், அவரிட்டைச் சொல்லுங்கோ. அவர் வெளியிலை கதைக்க மாட்டார்."

இதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சாகிறேன். அவள் என் தெய்வத்தை அந்த அளவுக்கு நம்பினாள். இடையில் இருந்தவள்தான் சரியில்லை.

அந்தச் சனிக்கிழமை ஐக்கியத்தில் உபவாச ஜெபம். காலையிலிருந்து சாப்பிடாமல் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வட்டத்தில் ஒவ்வொருவராக ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும், அதாவது எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று. மற்றவர்கள் அதை நோட்டில் குறித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு மூன்றாம் தடவை டிரைவிங் டெஸ்ட். ஒரு அம்மாவுக்கு மருமகள் சமையல். மாதக்கணக்காக என் முறை வரும்போது "குளிரைத் தாங்கப் பெலன் வேணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஊழியத்துக்கென்று கடல் கடந்து வந்தவள் குளிரைப் பற்றிப் பேசினால் யார் மதிப்பார்கள்?

அன்றைக்கு என்னிடம் உண்மையான பாரம் இருந்தது. அதைச் சுமக்க முடியவில்லை என்பதும் பொய்யில்லை. ஆனால் அதைவிட, முழங்கால் வலிக்கு நடுவில் அது எவ்வளவு கனமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"பேர் வேண்டாம். நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒரு தாய். மூத்த மகளைப் படிப்புக்காக ஊர்ல விட்டுட்டு வந்தாங்க. அந்தப் பிள்ளை இயக்கத்துக்குப் போயிட்டா. தகப்பனுக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சா வேலையையும் கேஸையும் விட்டுட்டுப் போயிருவார். அந்தப் பிள்ளை வெளிய வரணும்."

ஹாலில் அழுகை கிளம்பியது. நோட்டுகளில் எழுதினார்கள். ஐக்கியத்தை நடத்திய பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சிக்கு எவ்வளவு பாரம் பாருங்க" என்றார். எல்லாரும் சத்தமாக ஜெபித்தார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாக. கர்த்தரிடம்தான் சொன்னேன். பக்கத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். மறுநாள் உட்கார்ந்து அதையே ஊருக்கும் எழுதினேன், நீலநிற ஏர்மெயில் தாளில் இரண்டு பக்கம். அந்த மாதம்தான் எழுத விஷயம் இருந்தது. தபாலில் போட்டுவிட்டு வரும்போது மனசு லேசாக இருந்தது. சீ, என்ன ஜென்மம் நான்!

செவ்வாய்க்கிழமை பாடம் நடந்துகொண்டிருந்தது. தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் வாங்குவது எப்படி என்ற பாடம். நான் கவுண்டர்க்காரி, அக்கா வாங்க வந்தவள். கீழே கதவு திறந்த சத்தம். அண்ணையின் ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. படியேறி வந்து அடுக்களை வாசலில் நின்றார். அவர் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குக் கழற்றவில்லை.

"பிள்ளை எங்கை?" என்றார்.

"பள்ளிக்கூடத்திலை. ஏன், இப்பவே வந்திட்டீங்கள்?"

"நான் மூத்தவளைக் கேட்டனான்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போது கையில் இருந்த புத்தகத்தை மூடவும் தோன்றவில்லை.

அண்ணை நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தமே போடவில்லை. "காலமை பெற்றோல் ஷெட்டிலை இராச் ஷிப்ட் முடிச்சுப் போற தம்பி என்ரை கையைப் பிடிச்சு அழுறான். அண்ணை, பிள்ளைக்காக நாங்கள் எல்லாரும் சாப்பிடாமல் இருந்து செபிச்சனாங்கள், பயப்பிடாதேங்கோ எண்டுறான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. என்ன பிள்ளை எண்டு நான்தான் அவனைக் கேட்டனான்."

அந்தத் தம்பி எங்கள் ஐக்கியத்து ஆள்தான். நல்ல பையன், இன்னொருவர் துக்கத்தைப் பார்த்துச் சும்மா இருக்கத் தெரியாதவன். நான் பேர் சொல்லவில்லை. கோலியர்ஸ் வுட்டில் நான் பாடம் எடுக்கிற தாய்மார் மூன்றே பேர். மூத்த மகளைப் படிப்புக்காக ஊரில் விட்டுவந்தவள் ஒருத்திதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விடை கிடைக்கிற கணக்கு அது.

நான் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? மன்னிப்பு இல்லை. "அண்ணை, நான் பேரைச் சொல்லலை" என்றேன்.

அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அதில் எதுவும் கொதிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். அண்ணை தன் கேஸைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்க அலைந்தார். நான் தினமும் போனேன். சில நாள் கதவு திறக்கும், சில நாள் திறக்காது. திறந்த ஒரு நாளில் அவரிடம் கெஞ்சினேன். "அங்க போய் நீங்க என்ன செய்வீங்க? சித்தி பாத்துக்கிடுறேன்னு எழுதியிருக்காங்களே. ரெண்டு மாசம் பொறுங்க." அவர் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "சித்தி கேக்கிறது வேறை, ரீச்சர். அப்பன் போய் வாசலிலை நிண்டால் குடுப்பினம்" என்றார். அக்கா உள்ளே இருந்து, "நிண்டால் உங்களையும் சேத்துப் பிடிப்பினம்" என்று கத்தினாள். "ரெண்டு பேரையும் துலைச்சுப்போட்டு நான் இஞ்சை ஆரோடை இருக்கிறது?" சின்னவள் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஐக்கியத்துப் பெரியவரிடம் போய், நீங்களாவது பேசுங்கள் என்று அழுதேன். "மனசை விடாத தங்கச்சி, எல்லாம் தேவசித்தம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வாய்க்கொழுப்பைக் கொண்டுபோய் தேவன் தலையில் கட்டுகிறார்களே என்று இருந்தது. "அது தேவசித்தம் இல்லைங்க, என் நாக்கு" என்றேன். அவர் அதையும் ஜெபக் குறிப்பாக எடுத்துக்கொண்டார். எனக்கு மனச்சோர்வு என்று வட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை அண்ணை புறப்பட்டார். தெருவில் மினிகாப் நின்றது. ஒரு தோல்பை, அவ்வளவுதான். அக்கா மாடி ஜன்னலில் நின்றாள், கீழே வரவில்லை. நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன், போகவும் தெரியாமல் வரவும் தெரியாமல். அவர் காரில் ஏறப்போனவர் நின்று, "ரீச்சர், இவவுக்கு அந்தப் புத்தகத்தை முடிச்சுக் குடுங்கோ. இன்னும் பன்ரண்டு பாடம் கிடக்கு" என்றார். தலையாட்டினேன்.

அடுத்த செவ்வாய் பத்தரைக்குப் போய் மணியடித்தேன். கதவு பாதி திறந்தது.

"பாடம் இனி வேண்டாம்" என்றாள் அக்கா.

"அண்ணை சொல்லிட்டுப் போனாரே அக்கா."

"ஒண்டு கேக்கிறன், செய்வீங்களோ?"

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"எங்களுக்காகச் செபிக்காதேங்கோ."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்போதும் வாய் சும்மா இருந்ததா? "மனசுக்குள்ளகூட வேண்டாமா அக்கா?"

"மனசுக்குள்ளையும் வேண்டாம்."

கதவு மூடியது. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த ஆம்பளைக் கோட்டோடு படியில் ரொம்ப நேரம் நின்றேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பால் பாட்டில் எடுக்க வந்தவள் என்னைப் பார்த்து, ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மற்றதெல்லாம் அந்தப் பெட்ரோல் நிலையத்துத் தம்பி சொல்லித் தெரியும். அவன் குற்றவுணர்ச்சியில் அக்கா வீட்டுக்கு அரிசியும் பருப்பும் சுமந்துகொண்டு திரிந்தான். அண்ணையிடமிருந்து கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வடக்கே போகிற வழியில் ஒரு ஊரில் பாதை திறக்கக் காத்திருக்கிறேன் என்று இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே, என்ன ஆயிற்று, யாருக்கும் தெரியாது. உடலும் இல்லை, செய்தியும் இல்லை.

ஜூன் மாதம் மூத்தவள் வெளியே வந்துவிட்டாள். சித்தி சொன்னபடியே, சொன்ன ஆள் மூலமாகவே, சொன்ன மூன்று மாதத்துக்குள். கொழும்புக்குக் கொண்டுவந்து பிறகு கனடாவுக்கு மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணை போகாமல் இருந்திருந்தாலும் அவள் வந்திருப்பாள். இதைத் தம்பி என்னிடம் சொன்னபோது நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். அவன் அழுதான். நான் அழவில்லை, எனக்கு வாந்தி வந்தது.

மீதிக் காலத்தை எப்படியோ ஓட்டினேன். சனிக்கிழமை வட்டத்தில் என் முறை வந்தால் "ஒண்ணுமில்லை" என்பேன். பாடம் எடுத்தேன், பாரம் நிரப்பினேன், யாராவது கதை சொல்ல ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ போட்டேன். இரண்டு வருடம் முடிந்தபோது மிஷனிலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்த ஊழியத்தில் நீங்கள் தனிப்பட்ட முறையில் எப்படி வளர்ந்தீர்கள்? எழுதுவதற்கு நாலு கோடு. அந்த நாலு கோட்டையும் காலியாகவே விட்டு அனுப்பினேன்.

ஊருக்குத் திரும்பினால் மேளம் வைக்காத குறை. ஆராதனையில் மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அங்க குளிர் அதிகம். உங்க அரிசியை வீணாக்கிட்டேன்" என்றேன். தாழ்மை என்று நினைத்துக் கைதட்டினார்கள். இறங்கி வந்தால் அந்தப் பீடி சுற்றுகிற அக்காள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏ தாயி, நீ எழுதின அந்தப் பிள்ள வெளிய வந்துட்டாளா? நாங்க விடாம ஜெபிச்சோம்லா!"

"வந்துட்டா" என்றேன்.

"ஸ்தோத்திரம்!" என்று இரண்டு கையையும் தூக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். அவளிடம் தகப்பனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஊரில் இன்றைக்கும் அது கேட்கப்பட்ட ஜெபம்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு லண்டனில் ஆய்வுக்கூட வேலை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், காரணம் கேட்டார்கள், காரணத்தைச் சொல்ல முடியவில்லை. மறுபடி அதே ஊர், அதே மழை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். பயிற்சியில் சொன்னார்கள்: இரண்டு பக்கமும் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் சொல்ல வேண்டும். நீங்களாக எதுவும் சேர்க்கக் கூடாது. அந்த அறையில் நீங்கள் ஒரு பக்கத்திடம் எதைச் சொன்னாலும் அதை மறுபக்கத்துக்கும் சொல்ல வேண்டும். வெளியே வந்தால் மறந்துவிட வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த விதிகள் பிடித்திருந்தன. என் வாய்க்கு ஒரு பூட்டு கிடைத்தது. வருடக்கணக்கில் அடுத்தவர் வலியை மட்டும் பேசினேன், என்னுடையதாக ஒரு வார்த்தை இல்லை. நான் வளர்ந்தேன் என்றால் இந்த அளவுக்குத்தான் வளர்ந்தேன்.

தொண்ணூற்றாறில் ஒரு நாள், அறுவை சிகிச்சைக்கு முன்னால் கேள்விகள் கேட்கிற ஒரு சின்ன அறைக்கு என்னை அனுப்பினார்கள். தமிழ்ப் பெண், மார்பில் கட்டி. கதவைத் திறந்தேன். அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும்.

விதிப்படி நர்ஸிடம், இவரை எனக்கு முன்பே தெரியும், வேறு ஆள் வேண்டுமென்றால் கேட்கலாம் என்றேன். அதையே தமிழில் அக்காவிடமும் சொன்னேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள். "புதுசா ஒருத்திக்கு என்ரை கதையை முதல்லை இருந்து சொல்ல எனக்கு ஏலாது."

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். நர்ஸ் பாரத்தை எடுத்தாள். மருந்து ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா? இல்லை. முன்பு ஆபரேஷன்? இல்லை. பிள்ளைகள்? ரெண்டு, ஒருத்தி கனடாவிலை. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"கணவர் உயிரோடு இருக்கிறாரா?" என்றாள் நர்ஸ். தமிழில் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்தே சொன்னாள்: "இவவைக் கேளுங்கோ."

ஒவ்வொரு வார்த்தையையும் சொல்ல வேண்டும். சொன்னேன். என்னைக் கேட்கச் சொல்கிறார் என்றேன். நர்ஸ் பேனாவை நிறுத்தி, குழப்பத்தோடு என் பக்கம் திரும்பினாள். அந்த வேலையில் அதுவரை யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை.

இங்கிலீஷில் சொன்னேன். "தெரியாது. யாருக்கும் தெரியாது. எண்பத்தொன்பதில் ஊருக்குத் திரும்பிப் போனார். இவர் என்னை நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை நான் வெளியே சொன்னேன். அதனால்தான் போனார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்."

நர்ஸ் ஒன்றும் எழுதவில்லை. சொன்னதை இன்னொரு பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். அக்காவின் பக்கம் திரும்பினேன். ஏழு வருடமாக வராத வார்த்தைகள். "நர்ஸ்கிட்ட நான் என்ன சொன்னேன்னா, அண்ணை எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது. நீங்க என்னை நம்பிச் சொன்னதை நான் வெளிய சொன்னேன். அதனாலதான் அவர் போனார். நான் வாயை மூடியிருந்தா போயிருக்க மாட்டார்."

அக்கா கைப்பையின் வாரைக் கொஞ்ச நேரம் விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றாள்.

அதையும் நர்ஸுக்கு மொழிபெயர்த்தேன்.